கட்டுப்பாட்டின் மூலம் பிணைய உரிமையை நிறைவுறுத்துதல்: அமெரிக்கச் சட்டத்தின் கீழ் ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு வங்கியோ கடன் நிதியமோ தொழில் நிறுவனம் ஒன்றுக்குக் கடன் கொடுக்கும்போது, அந்நிறுவனத்தின் சரக்கு, இயந்திரங்கள், வரவேண்டிய பாக்கிகள், வங்கிக் கணக்கிலுள்ள பணம், கையிலுள்ள பங்குகள் என அனைத்தின் மீதும் பிணைய உரிமை எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். எழுதி வாங்கிய அளவில் அந்த உரிமை கடனாளியை மட்டும் கட்டுப்படுத்தும். அதே சொத்தின் மீது இன்னொருவரும் கடன் கொடுத்திருந்தால், அல்லது கடனாளி திவாலாகி, அவருடைய சொத்துகளைத் திரட்டிக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துத் தரும் ஓர் அறங்காவலர் நியமிக்கப்பட்டுவிட்டால், அவர்களுக்கு எதிராகவும் அந்த உரிமை நிற்க வேண்டுமென்றால் சட்டம் கூடுதலாக ஒரு செயலைக் கேட்கிறது. வழக்கறிஞர்கள் 'பெர்ஃபெக்‌ஷன்' என்று சொல்லும் அந்தச் செயலை இங்கே நிறைவுறுத்துதல் என்று குறிப்பிடுகிறேன்.

இதற்கான விதிகள் யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட் எனப்படும் மாதிரிச் சட்டத்தின் ஒன்பதாம் பகுதியில் இருக்கின்றன. ஐம்பது மாநிலங்களும் அதைச் சிறுசிறு மாற்றங்களோடு தத்தம் சட்டமாக ஏற்றிருக்கின்றன. நிறைவுறுத்தப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு: மாநில அரசின் பதிவகத்தில் யு.சி.சி.-1 என்ற அறிவிப்பைத் தாக்கல் செய்வது, பொருளைக் கைவசம் வைத்துக்கொள்வது, சொத்தின் மீது கட்டுப்பாடு, அதாவது கடனாளியை மீண்டும் கேட்காமலே அதைக் கையாளும் அதிகாரம், பெறுவது. இந்த வழிகாட்டி மூன்றாவதைப் பற்றியது. வங்கிக் கணக்கையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் தவறுகள் அதிகம் நேர்வதும், தவறின் விலை உடனே தெரிவதும் அங்கேதான்.

முதல் படி: சொத்து எந்த வகை என்று தீர்மானிப்பது

கட்டுப்பாடு எல்லாச் சொத்துக்கும் பொருந்தும் வழி அன்று. லாரிக்கும் நெல் மூட்டைக்கும் அது கிடையாது. வைப்புக் கணக்குகள் (நடப்பு, சேமிப்பு முதலிய வங்கிக் கணக்குகள்), பங்கு முதலிய முதலீட்டுச் சொத்துகள், கடன் உறுதிக் கடிதத்தின் (லெட்டர் ஆஃப் கிரெடிட்) கீழ் பணம் பெறும் உரிமை, சில மின்னணு ஆவணங்கள், 2022 திருத்தங்களை ஏற்ற மாநிலங்களில் கிரிப்டோ நாணயம் போன்ற மின்னணுப் பதிவுகள் ஆகியவற்றுக்கே அது உண்டு.

இவற்றுள்ளும் ஒரு வேறுபாடு முக்கியமானது. பங்குகளுக்கு யு.சி.சி.-1 தாக்கல் செய்தும் நிறைவுறுத்தலாம். ஆனால் பின்னால் வந்து கட்டுப்பாடு பெறுபவர் முன்னால் போய்விடுவார். வைப்புக் கணக்கை நேரடிப் பிணையமாக எடுத்தால் தாக்கல் எந்தப் பயனும் தராது. 9-312 பிரிவின்படி கட்டுப்பாடு ஒன்றே வழி. 'கடனாளியின் அனைத்துச் சொத்துகளும்' என்று எழுதி ஒரு யு.சி.சி.-1 தாக்கல் செய்துவிட்டு, கணக்கிலுள்ள பணமும் அதில் அடங்கிவிட்டதாக நிம்மதியடைபவர்கள் இந்த ஒரு வரியை அறியாதவர்கள்.

இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு; அது உதவுவதைப் போலவே ஏமாற்றவும் செய்யும். சரக்கின் மீது தாக்கல் மூலம் நிறைவுற்ற உரிமை இருந்து, அந்தச் சரக்கை விற்ற பணம் கணக்கில் விழுந்தால், அடையாளம் காட்டக்கூடிய வரை அந்தப் பணத்தின் மீதும் உரிமை தொடர்கிறது. ஆனால் பல வரவுகளும் செலவுகளும் கலந்த கணக்கில் எந்த டாலர் எந்தச் சரக்கிலிருந்து வந்தது என்று நிறுவும் சுமை கடனளிப்பவரின் தலையில் விழும். நிறுவிவிட்டாலும், அதே கணக்கின் மீது கட்டுப்பாடு பெற்றவர் முன்னுரிமை பெறுவார். கடனாளி அந்தப் பணத்தை வெளியே அனுப்பிவிட்டால், பெற்றவர் கடனாளியோடு கூட்டுச்சதி செய்திருந்தாலொழிய அவரிடமிருந்து அதை மீட்க முடியாது. இந்த விதிவிலக்கை ஒரு கடைசித் தடுப்பாக வைத்துக்கொள்ளலாம். திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

தனிநபர் தம் குடும்பத் தேவைக்கு வாங்கும் கடனுக்கு அவருடைய வைப்புக் கணக்கைப் பிணையமாக்குவது ஒன்பதாம் பகுதிக்கு வெளியே நிற்கிறது. அதை அந்தந்த மாநிலத்தின் வேறு சட்டம் ஆளும். இனி வருவதெல்லாம் தொழில் கடன் பற்றியதே.

இரண்டாம் படி: பிணைய ஒப்பந்தத்தைச் சரியாக எழுதுவது

உரிமையே உருவாகாவிட்டால் நிறைவுறுத்த எதுவும் இல்லை. கடனளிப்பவர் ஏதேனும் மதிப்பு கொடுத்திருக்க வேண்டும். கடனாளிக்கு அச்சொத்தில் உரிமை இருக்க வேண்டும். பிணைய உரிமை வழங்குவதாகக் கடனாளி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒப்பந்தத்தின்படி கட்டுப்பாடு பெற்றிருந்தால், கையெழுத்திட்ட ஆவணம் இல்லாவிட்டாலும் உரிமை உருவாகும் என்று 9-203 பிரிவு சொல்கிறது. அந்தச் சலுகையை நம்பி எழுதாமல் விடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. ஒப்பந்தத்தில் வைப்புக் கணக்குகள், பங்குக் கணக்குகள் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதோடு, கடனளிப்பவரின் சம்மதமின்றிப் புதிய கணக்கு தொடங்கக் கூடாது என்ற வாக்குறுதியையும் வாங்க வேண்டும். கட்டுப்பாடு ஒரு குறிப்பிட்ட கணக்கோடு ஒட்டியிருப்பது. கடனாளி பணத்தை அடுத்த தெருவிலுள்ள வங்கிக்கு மாற்றிக்கொண்டால் அது கூடவே போகாது.

மூன்றாம் படி: கணக்குகளைத் தேடிச் சரிபார்ப்பது

யு.சி.சி.-1 தாக்கல் ஆகியிருக்கிறதா என்பதை மாநிலப் பதிவகத்தில் தேடிப் பார்க்கலாம். கட்டுப்பாட்டுக்கு அப்படி ஒரு பொதுப் பதிவேடு கிடையாது. ஒரு கணக்கின் மீது வேறொருவர் ஏற்கெனவே கட்டுப்பாடு வைத்திருக்கிறாரா என்பதை வங்கிக்கும் கடனாளிக்கும் வெளியே நிற்பவர் அறிய வழியில்லை. வாடிக்கையாளர் கேட்டாலொழிய அதை உறுதிசெய்து சொல்லும் கடமையும் வங்கிக்கு இல்லை. எனவே கடனாளியைக் கொண்டே கேட்கவைத்து, வேறு கட்டுப்பாட்டு ஒப்பந்தம் எதுவும் இல்லை என்று வங்கியிடமே எழுத்தில் பெற வேண்டும்.

கணக்குப் பட்டியல் கைக்கு வந்ததும் ஒவ்வொரு கணக்கைப் பற்றியும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். கணக்கின் உரிமையாளர் கடனாளி நிறுவனமா, அதன் துணை நிறுவனமா? கணக்கு இருப்பது வங்கியிலா, அதே பெயர் தாங்கிய பங்குத் தரகு நிறுவனத்திலா? இரண்டும் சட்டத்தின் கண்ணில் இரண்டு வேறு நபர்கள். ஒன்றோடு போட்ட ஒப்பந்தம் மற்றொன்றைக் கட்டாது. மாலையானதும் மீதிப் பணம் தானாகவே பணச்சந்தைப் பரஸ்பர நிதிக்குப் போய், தேவைப்படும்போது திரும்பி வரும் ஏற்பாடு இருக்கிறதா? இருந்தால் இரவில் அந்தப் பணம் வைப்புக் கணக்கு அன்று, முதலீட்டுச் சொத்து. அதற்கு வேறு ஒப்பந்தம் வேண்டும். வைப்புச் சான்றிதழ் கைமாற்றத்தக்க தாளாக வழங்கப்பட்டிருந்தால் அதுவும் வைப்புக் கணக்கு ஆகாது; அந்தத் தாளைக் கைவசப்படுத்துவதே பாதுகாப்பு. கடனாளி ஏதோ ஒரு செயலி வழியாகக் கணக்கு வைத்திருந்தால், அடியில் உண்மையான வங்கி எது, அந்த வங்கியின் ஏட்டில் வாடிக்கையாளராக யார் பெயர் இருக்கிறது என்று தோண்டிப் பார்க்க வேண்டும். 2024 ஏப்ரலில் சினாப்ஸ் என்ற இடைநிலை நிறுவனம் திவாலானபோது, அதன் கணக்கேடும் வங்கிகளின் கணக்கேடும் ஒத்துப்போகாமல் பலரின் பணம் முடங்கியது.

எந்த மாநிலச் சட்டம் பொருந்தும் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். யு.சி.சி.-1 தாக்கலுக்குக் கடனாளி நிறுவனம் எந்த மாநிலத்தில் பதிவானது என்பதே அளவுகோல். வைப்புக் கணக்கின் கட்டுப்பாட்டுக்கோ, 'வங்கியின் அதிகார எல்லை' என்று சட்டம் அழைக்கும் இடம்தான் முக்கியம். அது பெரும்பாலும் வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். கடனாளி டெலவேரில் பதிவாகி, ஆலை ஓஹியோவில் இருந்து, கணக்கு ஒப்பந்தம் நியூயார்க்கைச் சொன்னால், பார்க்க வேண்டியது நியூயார்க் சட்டத்தை.

நான்காம் படி: மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது

9-104 பிரிவு வைப்புக் கணக்கின் மீது கட்டுப்பாடு பெற மூன்று முதன்மை வழிகளைத் தருகிறது. முதலாவது, கடனளிப்பவரே கணக்கு இருக்கும் வங்கியாக இருப்பது. அப்போது எந்தக் கூடுதல் ஆவணமும் தேவையில்லை. கட்டுப்பாடு தானாகவே அமைகிறது. கடன் கொடுக்கும் வங்கிகள் கடனாளியின் கணக்குகள் அனைத்தையும் தம்மிடமே வைக்கச் சொல்வதற்கு இது ஒரு காரணம். இதன் மறுபக்கம் 2023 மார்ச் 10 அன்று சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டபோது வெளிப்பட்டது. காப்புறுதி வரம்பான 2,50,000 டாலருக்கு மிக அதிகமான பணத்தை ஒரே வங்கியில் வைத்திருந்த நிறுவனங்கள் அதன்பின் பணத்தைப் பல வங்கிகளில் பிரித்து வைக்க விரும்பின. அப்படிப் பிரித்த ஒவ்வொரு கணக்குக்கும் கடனளிப்பவர் தனித்தனியே ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று.

இரண்டாவது வழி, கடனாளி, கடனளிப்பவர், வங்கி ஆகிய மூவரும் கையெழுத்திடும் கட்டுப்பாட்டு ஒப்பந்தம். துறையில் இருப்பவர்கள் இதை 'டாகா' என்று சுருக்கிச் சொல்வார்கள். மூன்றாவது, கடனளிப்பவரே அந்தக் கணக்கின் வாடிக்கையாளராக ஆவது, அதாவது கணக்கைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வது.

முன்னுரிமை வரிசையும் இந்தத் தேர்வைப் பொறுத்தது. கட்டுப்பாடு உள்ளவர் இல்லாதவரை முந்துவார். இருவருக்கும் கட்டுப்பாடு இருந்தால், முதலில் பெற்றவர் முந்துவார். ஆனால் கணக்கு இருக்கும் வங்கி தானே கடனும் கொடுத்திருந்தால், கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வைத்திருக்கும் வெளியாரை, அவர் எவ்வளவு முன்பே கையெழுத்திட்டிருந்தாலும், அந்த வங்கி முந்திவிடும். வங்கியையும் முந்தக்கூடியவர் வாடிக்கையாளராகவே ஆகிவிட்ட கடனளிப்பவர் ஒருவரே. அப்படியானால் எல்லோரும் மூன்றாவது வழியையே நாடலாமே என்று தோன்றும். கணக்கில் பற்றாக்குறை விழுந்தால் வங்கி வாடிக்கையாளரைத்தான் கேட்கும். அன்றாடம் நூற்றுக்கணக்கான காசோலைகள் ஓடும் கணக்கைத் தம் பெயரில் வைத்துக்கொள்ளக் கடனளிப்பவர் தயங்குவது நியாயமே. பணம் அசையாமல் கிடக்கும் ரொக்கப் பிணையக் கணக்குக்கு இது பொருந்தும். ஓடும் கணக்குக்கு இரண்டாவது வழியே நடைமுறைக்கு ஏற்றது.

ஐந்தாம் படி: கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் வாசகங்கள்

ஒப்பந்தம் பத்துப் பக்கம் இருந்தாலும் கட்டுப்பாட்டைத் தருவது ஒரே வாக்கியம்தான்: கணக்கிலுள்ள பணத்தை என்ன செய்வது என்று கடனளிப்பவர் தரும் உத்தரவைக் கடனாளியின் மேற்கொண்டான சம்மதமின்றி வங்கி நிறைவேற்றும் என்ற உறுதி. இதை முதலில் தேடிப் படித்துவிட்டு, மற்ற ஒவ்வொரு பத்தியும் இந்த வாக்கியத்தைக் குறைக்கிறதா என்ற ஒரே கேள்வியோடு படிப்பது என் வழக்கம்.

கடனாளி தொடர்ந்து பணம் எடுக்கலாம், காசோலை எழுதலாம் என்ற அனுமதி கட்டுப்பாட்டைக் கெடுக்காது. 9-104 பிரிவே அதைச் சொல்கிறது. எனவே கடனாளி வழக்கம்போலக் கணக்கை இயக்கிக்கொண்டிருந்து, கடனளிப்பவர் அறிவிப்பு கொடுத்த பிறகே அவருக்குக் கதவு மூடப்படும் ஏற்பாடும் செல்லும். தொடக்கத்திலிருந்தே கடனாளிக்குக் கை வைக்க உரிமை இல்லாத ஏற்பாடும் செல்லும். கடன் தவறியதாகச் சான்றளித்த பிறகே வங்கி உத்தரவை ஏற்கும் என்ற நிபந்தனையும் செல்லுபடியாகும் என்று மாதிரிச் சட்டத்தின் அதிகாரப்பூர்வ விளக்கவுரை கூறுகிறது. நிபந்தனை கடனாளியின் சம்மதமாக இருந்தால் மட்டும் கட்டுப்பாடே கிடையாது. 'கடனாளியும் கடனளிப்பவரும் சேர்ந்து கையெழுத்திட்ட உத்தரவின் பேரில் மட்டுமே' என்ற சொற்களைக் கண்டால், அதற்கு எவ்வளவு அழகான தலைப்பு இருந்தாலும், அது கட்டுப்பாட்டு ஒப்பந்தம் அன்று.

அடுத்தது வங்கியின் சொந்த உரிமைகள். முன்னுரிமையில் வங்கி முந்துகிறது என்பதோடு, கடனாளி தனக்குத் தர வேண்டிய பாக்கிக்காகக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளும் உரிமையும் அதற்கு உண்டு. ஆகவே வங்கி தன் பிணைய உரிமையையும் கழித்துக்கொள்ளும் உரிமையையும் கடனளிப்பவரின் உரிமைக்குப் பின்னால் நிறுத்திக்கொள்வதாக எழுதி வாங்க வேண்டும். வங்கி சில விதிவிலக்குகளைக் கேட்கும்: கணக்குக் கட்டணங்கள், பணமாகாமல் திரும்பிய காசோலைகள், தவறாக வரவு வைத்த தொகைகள். இவை நியாயமானவை, கொடுத்துவிடலாம். ஆனால் அதே வங்கி கடனாளிக்குக் கொடுத்த நிறுவனக் கடன் அட்டைப் பாக்கியோ வேறு கடனோ 'கட்டணங்கள்' என்ற சொல்லுக்குள் நுழைந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்கில் போதிய பணம் இல்லாதபோது திரும்பிய காசோலைத் தொகையைக் கடனளிப்பவரே ஈடுசெய்ய வேண்டும் என்றும் வங்கி கேட்கும். அவருக்கு அந்தக் கணக்கிலிருந்து உண்மையில் வந்துசேர்ந்த தொகைக்கு மேல் போகாதபடியும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமாகவும் அதை வரையறுத்துக்கொள்வது நல்லது.

உத்தரவு எந்தப் படிவத்தில், எந்த முகவரிக்கு அனுப்பப்பட வேண்டும், கிடைத்த எத்தனை வேலை நாளுக்குள் வங்கி செயல்பட வேண்டும் என்பதைச் சிறு விஷயமாகக் கருதக் கூடாது. கடன் தவறிய வாரத்தில் ஒரே நாளில் கணக்கு காலியாகிவிடலாம். வங்கிகள் பொதுவாக இரண்டு வேலை நாள் வரை கேட்கும். ஒரு நாள் கிடைத்தால் நல்லது. வங்கி விலகிக்கொள்ள முன்னறிவிப்புக் காலம், விலகும்போது மீதிப் பணம் கடனளிப்பவர் சொல்லும் இடத்துக்குப் போக வேண்டும் என்ற உறுதி, கணக்கு எண் மாறினாலும் ஒப்பந்தம் தொடரும் என்ற வாசகம், கடனளிப்பவருக்கும் கணக்கறிக்கை அனுப்பும் கடமை ஆகியனவும் இடம்பெற வேண்டும். தன் வாடிக்கையாளர் கேட்டாலும் இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட வங்கியைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை என்பதால், பேரம் பெரும்பாலும் வங்கியின் அச்சிட்ட படிவத்திலிருந்தே தொடங்கும்; மேலே சொன்ன இரண்டு மூன்று இடங்களில் மட்டும் பிடிவாதமாக இருந்துவிட்டு மற்றதை விட்டுக்கொடுப்பது காலத்தை மிச்சப்படுத்தும்.

சம்பளக் கணக்கு, ஊழியர்களிடம் பிடித்த வரிக்கான கணக்கு, பிறர் பணத்தை வைத்திருக்கும் கணக்கு ஆகியவற்றைக் கடனளிப்பவர்கள் வழக்கமாக விலக்கிவிடுவார்கள். விலக்கிய கணக்கில் தேவைக்கு மேல் பணம் தங்கக் கூடாது என்ற வரம்பைச் சேர்க்க மறக்கக் கூடாது.

ஆறாம் படி: கால அட்டவணை

கடன் தொகை இன்றே போக வேண்டும், வங்கியின் கையெழுத்து வர இரண்டு மாதம் ஆகும் என்ற நெருக்கடியில், 'கடன் வழங்கிய 60 நாளுக்குள்' அல்லது '90 நாளுக்குள்' ஒப்பந்தத்தைக் கொண்டுவருகிறோம் என்ற வாக்குறுதியோடு பணம் விடுவிக்கப்படுவது மிகச் சாதாரணம். திவால் சட்டத்தின் 547 பிரிவை அருகில் வைத்துப் பார்த்தால் இதன் ஆபத்து தெரியும். உரிமை வழங்கப்பட்டு 30 நாளுக்குள் நிறைவுறுத்தினால், அது வழங்கிய நாளிலேயே நிகழ்ந்ததாகக் கொள்ளப்படும். அதற்குப் பிறகு நிறைவுறுத்தினால், நிறைவுறுத்திய நாளில்தான் நிகழ்ந்ததாகும். அப்போது அது ஏற்கெனவே நிலுவையிலிருந்த பழைய கடனுக்குப் பின்னால் கொடுத்த பிணையமாகிவிடுகிறது.

உதாரணமாக, ஜனவரி 2 அன்று 50 லட்சம் டாலர் கடன் கொடுத்து, மார்ச் 3 அன்று கட்டுப்பாட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது என்று வைத்துக்கொள்வோம். கடனாளி மே மாதம் திவால் மனு கொடுத்தால், மனுவுக்கு முந்தைய 90 நாளுக்குள் அந்த மார்ச் நாள் விழுந்துவிடுவதால், ஒப்பந்தத்தின் பயனை ரத்து செய்யும்படி அறங்காவலர் கேட்கலாம். ஜனவரி இறுதிக்குள் கையெழுத்தாகியிருந்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை. இயன்றால் முதன்மையான வசூல் கணக்குக்கு மட்டுமாவது ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துவிட்டு, சிறு கணக்குகளைப் பிந்தைய காலக்கெடுவுக்கு விடலாம். கட்டுப்பாடே பெறாமல் விட்டுவிட்டால் 544 பிரிவின் கீழ் அறங்காவலர் அந்த உரிமையை முழுவதுமாக ஒதுக்கித் தள்ளிவிடுவார். அங்கே 90 நாள் கணக்குகூடத் தேவையில்லை.

பங்குகளும் பிற சொத்துகளும்

தரகு நிறுவனத்திலுள்ள பங்குக் கணக்குக்கும் இதே அமைப்புத்தான். விதிகள் மட்டும் எட்டாம் பகுதியின் 8-106 பிரிவில் இருக்கின்றன. தரகு நிறுவனமே கடன் கொடுத்தால் கட்டுப்பாடு தானாக அமையும். வெளியார் கடன் கொடுத்தால் மூவர் ஒப்பந்தம் வேண்டும். கணக்கைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். கடனாளி தொடர்ந்து வாங்கி விற்பதை அனுமதிக்கலாம். ஆனால் விற்ற பணத்தைக் கணக்கிலிருந்து வெளியே எடுக்க அனுமதிப்பது, சட்டப்படி கட்டுப்பாட்டைக் கெடுக்காவிட்டாலும், பிணையத்தைக் கரைத்துவிடும்.

காகிதச் சான்றிதழாக உள்ள பங்கு கடனாளியின் பெயரில் பதிவாகியிருந்தால், சான்றிதழைப் பெறுவதோடு பெயர் நிரப்பாத மாற்றுக் கையெழுத்துத் தாளும் வாங்க வேண்டும். எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) வகை நிறுவனங்களின் பங்குரிமையில் ஒரு பொறி இருக்கிறது. அந்நிறுவனத்தின் உள் ஒப்பந்தம் எட்டாம் பகுதியைத் தேர்ந்து ஏற்கவில்லையென்றால், சந்தையில் வணிகமாகாத அந்தப் பங்குரிமை பொதுவாக 'செக்யூரிட்டி' ஆகாது. அதன்மேல் கட்டுப்பாடு பெற முடியாது, தாக்கலே வழி. கடன் கொடுத்த பிறகு கடனாளி உள் ஒப்பந்தத்தைத் திருத்தி எட்டாம் பகுதிக்குள் நுழைந்து, சான்றிதழை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டால், தாக்கலை மட்டும் நம்பியவர் பின்னுக்குப் போய்விடுவார். திருத்தத்துக்குத் தடை, அல்லது இப்போதே ஏற்றுச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொள்வது ஆகிய இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்.

கடன் உறுதிக் கடிதத்தின் பணத்துக்கு, அதை வழங்கிய வங்கி பண உரிமை மாற்றத்துக்குச் சம்மதித்தால் கட்டுப்பாடு கிடைக்கும். 2022 திருத்தங்களின் பன்னிரண்டாம் பகுதியில் வரும் மின்னணுப் பதிவுகளுக்கு, அதன் பயனை அனுபவிக்கும் ஆற்றலும், பிறரைத் தடுக்கவும் கைமாற்றவும் தமக்கே உரிய ஆற்றலும், அந்த ஆற்றல்கள் தம்மிடம் இருப்பதை அடையாளம் காட்டும் வழியும் வேண்டும். தாக்கலும் செல்லும், ஆனால் கட்டுப்பாடு அதை முந்தும்.

கடன் தவறும்போதும், தீரும்போதும்

கடன் தவறியபின் வைப்புக் கணக்கில் ஏலமும் இல்லை, விற்பனை அறிவிப்பும் இல்லை. கட்டுப்பாடு பெற்ற வெளியார் மீதியைத் தமக்குச் செலுத்தும்படி வங்கிக்கு உத்தரவிடலாம்; கணக்கு வைத்திருக்கும் வங்கியே கடனளிப்பவர் என்றால் மீதியைக் கடனில் நேராக வரவு வைத்துக்கொள்ளலாம். ஆனால் திவால் மனு தாக்கலான கணமே, கடனை வசூலிப்பதற்கு எதிராகத் திவால் சட்டத்தின் 362 பிரிவு விதிக்கும் தடை எழுந்துவிடும். அதன்பின் உத்தரவு அனுப்புவது தடையை மீறுவதாகும். அந்த நிலையிலும் கட்டுப்பாடு வீணாவதில்லை: பிணையப் பணத்தைக் கடனளிப்பவரின் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இன்றிக் கடனாளி செலவிட முடியாது என்பதால், பேச்சுவார்த்தை மேசையில் அவருக்கு இருக்கை உறுதி.

கடன் முழுவதும் தீர்ந்து, மேலும் கடன் தரும் பொறுப்பும் இல்லையென்றால், கடனாளி எழுத்தில் கேட்ட 10 நாளுக்குள் வங்கிக்கு விடுவிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும் என்பது 9-208 பிரிவின் கட்டளை. கணக்கைத் தம் பெயரில் வைத்திருந்தவர் மீதியைக் கடனாளிக்குத் தரவோ, கடனாளியின் பெயரிலுள்ள கணக்குக்கு மாற்றவோ வேண்டும். தவறினால், ஏற்பட்ட நட்டத்தோடு 500 டாலர் சட்டப்படியான இழப்பீடும் தர நேரிடும். யு.சி.சி.-1 நீக்கத்தைத் தாக்கல் செய்துவிட்டுக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை மறந்துவிடுவது அடிக்கடி நடப்பதால், கடன் தீர்வுக் கடிதத்தைத் தயாரிக்கும் அன்றே ஒவ்வொரு வங்கிக்குமான விடுவிப்புக் கடிதத்தையும் கணக்கு எண்ணோடு எழுதிக் கையெழுத்துக்கு வைத்துவிட வேண்டும்.